சனிக்கிழமைக்கு ஒரு பல்

1

இந்தக் கதையை நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். வியப்பினால் அல்ல. கடைவாய்ப் பல் ஒன்றில் அடைப்பு வைத்துக்கொண்டிருந்தார்கள்.

பல் டாக்டர்கள் பேசுவார்கள். கேட்பவர் குறுக்கிட முடியாது என்பதால் அவர்களுடைய பேச்சில் ஒரு நிம்மதி இருக்கும். என்னுடைய டாக்டர் ஐம்பதை நெருங்கும் பெண். மெதுவாகப் பேசுவார். கை அதைவிட மெதுவாகப் போகும். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்தபடி பக்கத்தில் நிற்பவர் அவருடைய உதவியாளர். டாக்டரைவிட மூத்தவர். டாக்டர் அவரை அக்கா என்கிறார். அதனால் அங்கே வருகிற எல்லோருக்கும் அவர் அக்கா. பல் செட்டுக்கு அளவு கொடுக்க வரும் கிழவர்களுக்கும்.

டாக்டர் சொல்லச் சொல்ல எனக்குக் கேள்விகள் வந்தன. கேட்டேன். "ஆ" என்று மட்டும் வந்தது. ஏன் பிரிந்தார்கள், மனைவி என்ன சொன்னாள், குழந்தை அழுததா, எல்லாவற்றுக்கும் ஒரே "ஆ". டாக்டர் ஒவ்வொரு "ஆ"வையும் "அப்புறம்?" என்று எடுத்துக்கொண்டு மேலே போனார்.

ஆகவே இந்தக் கதையில் ஓட்டைகள் இருக்கின்றன. சிலவற்றை நானே அடைத்திருக்கிறேன். எவை என்று அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். நிற்குமா என்று தெரியாது.

2

தொடக்கங்கள்.

"முன்பல் பாதி உடைந்த ஒருவர், நான்கு வருடம் கழித்து, ஒரு வியாழக்கிழமை பல் டாக்டரிடம் போனார்."

பழுதில்லை. ஆனால் இதை எழுதியவருக்கு அவர்மேல் அக்கறை இருப்பதாகத் தெரியவில்லை.

"வெண்மை என்பது ஒரு"

(அங்கேயே நிறுத்தினேன். 'என்பது ஒரு' என்று ஆரம்பிக்கும் வாக்கியங்களை முடிக்காமல் விடப் பழகியிருக்கிறேன்.)

மூன்றாவது, பல்லின் மேலுறையிலிருந்து தொடங்குவது. இதை வைத்துக்கொள்கிறேன். இது தெரியாவிட்டால் பின்னால் வருவது புரியாது.

பல்லின் வெளிப்புறம் எனாமல். உடம்பிலேயே கெட்டியான பொருள் அதுதான். அதன்மேல் அடைப்பு தானாக ஒட்டாது. முதலில் லேசான அமிலம் தடவுகிறார்கள். அது எனாமலில் கண்ணுக்குத் தெரியாத குழிகளைத் தோண்டுகிறது. குழிகளுக்குள் தண்ணீர் போன்ற ஒரு பிசின் இறங்குகிறது. நீல விளக்கைக் காட்டினால் பிசின் இறுகுகிறது. வேர் விட்டதுபோல. அதன்மேல்தான் அடைப்பு. அது நிற்பது முழுக்க அந்த வேர்களின் பலத்தில்.

பல்லை வெளுக்கும் களிம்பு எனாமலுக்குள் ஊறிப்போய் ஆக்சிஜனை விடுகிறது. ஆக்சிஜன் கறையைச் சிதைக்கிறது. பல் வெளுக்கிறது. களிம்பைக் கழுவிய பிறகும் கொஞ்சம் ஆக்சிஜன் உள்ளேயே தங்கிவிடும். ஆக்சிஜன் இருக்குமிடத்தில் பிசின் சரியாக இறுகாது. வேர் குட்டையாக நின்றுவிடும். ஆகவே வெளுத்த பல்லில் உடனே அடைப்பு வைக்கக் கூடாது. இரண்டு வாரம் பொறுத்தால் உள்ளே இருப்பது மெல்ல வெளியேறும். பல் பழையபடி ஒட்டவிடும்.

இதை டாக்டர் என் வாய்க்குள் குனிந்தபடி சொன்னார். இதை நான் வேறு எதற்கும் உவமையாக்கப் போவதில்லை. நீங்கள் இதற்குள் ஆக்கியிருப்பீர்கள். அதை ஓரமாக வையுங்கள். இது பல்.

3

அவர் லிஃப்ட் மெக்கானிக். நாற்பது வயதுக்குள். டாக்டரும் அக்காவும் அவருக்குத் தங்களுக்குள் வைத்த பெயர் சனிக்கிழமை. நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் அது.

"சனிக்கிழமைக்குள்ள வேணும் டாக்டர்."

"முதல்ல உக்காருங்க. பல்லைப் பார்த்துட்டுக் கிழமையைப் பார்க்கலாம்."

மேல்வரிசையில் முன்பல் ஒன்று. குறுக்காக உடைந்து பாதி போயிருந்தது. உடைந்த விளிம்பு பழையது, தேய்ந்து மழுங்கியிருந்தது.

"எப்ப உடைஞ்சுது?"

"நாலு வருஷம் இருக்கும்."

"நாலு வருஷமா என்ன பண்ணீங்க?"

"வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

அக்கா எதையோ தேடுவதுபோலத் திரும்பிக்கொண்டார்.

"அதை அன்னைக்கே செஞ்சிருந்தா பல்லு உடைஞ்சிருக்காது" என்று வந்தவரே சேர்த்துச் சொன்னார். சிரிக்கவில்லை.

முன்பல்லில் அடைப்பு என்றால் டாக்டர் ஒரு கேள்வியைக் கேட்காமல் எதையும் தொடமாட்டார். அதை இவரிடமும் கேட்டார்.

"சமீபத்துல பல்லு வெளுக்க ஏதாவது போட்டீங்களா?"

"இல்ல."

டாக்டர் அவருடைய மேலுதட்டை விரலால் தூக்கினார். பல்லைத் தொடும் ஓரத்தில் ஈறு சுண்ணாம்பு பட்டதுபோல வெளுத்திருந்தது. களிம்பு வழிந்து ஈறில் பட்டால் அப்படி ஆகும்.

"நீங்க இல்லைங்கறீங்க. ஈறு ஆமாங்குது."

அவர் கூரையைப் பார்த்தார்.

"நேத்து வரைக்கும் போட்டேன்."

"யார் குடுத்தாங்க?"

"கூட வேலை பாக்கறவரோட சம்சாரம். பார்லர் வச்சிருக்காங்க. ராத்திரி மட்டும் போடச் சொன்னாங்க. நான் பகல்லயும் போட்டேன்."

"கூசலையா?"

"கூசுச்சு. அப்ப வேலை செய்யுதுன்னு நினைச்சேன்."

அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. அடைப்பை வெளுக்க முடியாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அது உண்மை. டீயும் சிகரெட்டும் பழுப்பாக்கிய பற்களுக்கு நடுவே இன்று அடைப்பை வைத்துவிட்டுப் பிறகு பற்களை வெளுத்தால், அடைப்பு மட்டும் பழுப்பாக நிற்கும். ஆகவே முதலில் வெளுப்பு. பிறகு அந்த நிறத்துக்கு ஏற்ற அடைப்பு.

"வரிசை சரிதான் சார்" என்றார் டாக்டர். "நடுவுல ரெண்டு வாரம் விடணும். அதை அவங்க சொல்லலையா?"

"அவங்க பல்லு வைக்கறவங்க இல்லையே டாக்டர்."

டாக்டர் ஆக்சிஜனையும் பிசினையும் விளக்கினார். எனக்குச் சொன்னதைவிடக் கூடுதல் பொறுமையோடு சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். பிறகு, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்.

"சனிக்கிழமை என் பொண்ணைப் பார்க்கப் போறேன்."

"பாருங்க. பல்லை அப்புறம் வச்சுக்கலாம்."

"அவ என்னைப் பார்க்கப் போறா டாக்டர்."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. கோர்ட் அனுமதித்த சந்திப்பு. நான்கு வருடத்தில் முதல் தடவை. ஓர் அலுவலகத்தில், மேற்பார்வை அதிகாரி முன்னால், ஒரு மணி நேரம். முடிவில் அதிகாரி குழந்தையிடம் ஒரே கேள்வி கேட்பார்: அடுத்த மாதமும் வருகிறாயா? குழந்தை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். தேதியைத் தள்ளிவைக்கக் கேட்டால், அவருக்கே அக்கறை இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள்.

"அப்ப அவளுக்கு நாலு வயசு. என்னைப் பத்தி அவளுக்கு ஞாபகம் இருக்கறது இந்த ஓட்டை ஒண்ணுதான். ரத்தத்தோட பார்த்தா. அதையே கொண்டுபோய்க் காட்டச் சொல்றீங்களா?"

4

இதுவரை அவர் என்று எழுதினேன். இந்தப் பகுதியை எழுத உட்கார்ந்தால் அவன் என்றுதான் வருகிறது. திருத்தவில்லை.

இந்த ஆள்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. கதைகளில் வருத்தப்படுகிறவனுக்குச் சீக்கிரம் மன்னிப்புக் கிடைத்துவிடுகிறது. குழந்தையைப் பார்க்கப் பல் கட்டிக்கொண்டு போகிறான் என்றால் போதும், வாசகர் அவன் பக்கம் போய் நின்றுகொள்வார். நானும் நின்றேன். பிறகு நகர்ந்து வந்து எழுதுகிறேன்.

பல் எப்படி உடைந்தது என்பதற்கு எனக்குக் கிடைத்தது இரண்டே வாக்கியம்.

டாக்டர்: "கதவுல இடிச்சுக்கிட்டாராம்."

அக்கா: "கதவுல இடிச்சுக்கிட்டா பாதிப் பல்லுதான் போகும். பொண்டாட்டி புள்ள போகாது."

மீதி நான் எழுதியது:

அவன் கதவை அறைகிறவன். ஆளை அடித்ததில்லை. அதைத் தன்னுடைய நல்ல குணமாகச் சொல்லிக்கொள்வான். டீ ஆறியிருந்தால் ஒரு கதவு. சட்டைக்கு இஸ்திரி போடாமல் இருந்தால் ஒரு கதவு. கேட்ட கேள்விக்கு உடனே பதில் வராவிட்டால் வீட்டிலேயே பெரிய கதவு. மனைவி எல்லாக் கதவுகளுக்கும் அடியில் செருக ரப்பர் கட்டை வாங்கி வந்தாள். அவன் கட்டையைக் காலால் தள்ளிவிட்டு அறைந்தான். ஒரு நாள் தள்ளியது போதவில்லை. கதவு கட்டையில் மோதி, போன வேகத்திலேயே திரும்பி வந்து அவனை அறைந்தது.

தரையில் உட்கார்ந்தான். வாயெல்லாம் ரத்தம். குழந்தை வந்தாள். குனிந்து எதையோ பொறுக்கினாள். உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"இந்தா."

பல்லின் உடைந்த பாதி.

(குழந்தை ரத்தத்தோடு பார்த்தாள் என்பது மட்டும் டாக்டர் சொன்னது. கையை நீட்டியது என் வேலை. இரண்டு தடவை நீக்கிப் பார்த்தேன். கதை மறுபடியும் அதையே கேட்டது.)

மனைவி இந்தக் கதையில் வரமாட்டாள். அவள் செய்தது சரி. கதவுச் சத்தத்தை எதிர்பார்த்தே ஒரு குழந்தை வளர வேண்டாம் என்று நினைத்தாள், கூட்டிக்கொண்டு போனாள். அவளுக்கு நான் கொடுப்பது ஒரு பத்திகூட இல்லை. இது நியாயமில்லை என்று தெரியும்.

அவன்

(இங்கே அவன் எப்படித் திருந்தினான் என்று ஒரு பக்கம் இருந்தது. கிழித்துவிட்டேன். திருந்தினானா என்று எனக்கு எப்படித் தெரியும்?)

5

டாக்டர் எழுந்து போய்க் கை கழுவினார். தேவைக்கு அதிகமாகக் கழுவினேன் என்று என்னிடம் சொன்னார். புத்தகப்படி, வந்தவரைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

அக்கா டாக்டரின் அருகே போய்க் குரலைத் தாழ்த்தினார். "ஒரு மணி நேரம்தானே டாக்டர் கேக்கறாரு. ஒரு மணி நேரம் நிக்காதா?"

"எந்த ஒரு மணி நேரம்னு பல்லுக்குத் தெரியாது அக்கா."

"விழுந்தா என்ன பண்ணுவாரு?"

"அதைத்தான் நானும் யோசிக்கறேன். ஓட்டையோட போனா அது பழைய ஓட்டை. அவ முன்னாடி விழுந்தா புதுசு."

திரும்பி வந்து நாற்காலியைச் சாய்த்தார்.

எனாமலின் மேல்பரப்பை மெல்லிசாகச் சீவினார். பிறகு ஒரு திரவத்தைத் தடவிக் காத்திருந்தார்.

"இது என்ன டாக்டர்?"

"வைட்டமின் சி மாதிரி ஒண்ணு. உள்ள நிக்கற ஆக்சிஜனைக் கொஞ்சம் அடக்கும். ஆப்பிளை வெட்டி வச்சா கருத்துப்போகுதில்ல? எலுமிச்சம்பழம் தேய்ச்சா கருக்காது. அந்தச் சங்கதிதான்."

"அப்ப தீர்ந்துது பிரச்சனை."

"ஆராய்ச்சி பண்றவங்க பிடுங்கின பல்லுல பண்ணிப் பார்த்திருக்காங்க. பரவாயில்லைங்கறாங்க. உங்க பல்லு வாயில இருக்கு. நான் பாதிதான் நம்புவேன்."

அமிலம். கழுவல். காற்று. பிசின். நீல விளக்கு. அக்கா ஆரஞ்சு நிறக் கண்ணாடித் தகட்டை டாக்டரின் கண்ணுக்கும் விளக்குக்கும் நடுவே பிடித்துக்கொண்டார். அடைப்பை டாக்டர் சின்னச் சின்னதாக வைத்து இறுக்கினார். நிறம் பார்க்கும் பட்டையில் இருந்ததிலேயே வெளிறியதை எடுக்க வேண்டியிருந்தது.

"எத்தனை கிலோ தாங்கும்?" என்று கேட்டார் சனிக்கிழமை, வாய் கிடைத்தவுடன்.

"கிலோவா?"

"லிஃப்டுல ஆறு பேருன்னு எழுதியிருப்போம். அதுக்கு மேலயும் தாங்கும். ஆனா சொல்லமாட்டோம். நீங்களும் அப்படி ஏதாவது மனசுக்குள்ள வச்சிருப்பீங்க."

"எதுவும் வச்சுக்கல. கதவு மூடுது, அவ்வளவுதான். ஏறாதீங்க."

"சிரிக்கலாமா?"

"சிரிக்கலாம். பேசலாம். முன்பல்லால கடிக்கக் கூடாது. எதையுமே. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. அதுக்குள்ள பல்லோட வெளுப்பும் கொஞ்சம் இறங்கி நிக்கும். இதை எடுத்துட்டு நிஜமானதை வைக்கறேன்."

"அப்ப இது பொய்ப் பல்லா?"

"இது சனிக்கிழமைக்கு."

அக்கா கண்ணாடியைக் கொடுத்தார். அவர் உதட்டைப் பிரித்தார். மூடினார். மறுபடி பிரித்தார். வேலை முடிந்த லிஃப்டின் கதவைச் சோதிப்பதுபோல.

(இந்த உவமையை அடித்துவிட்டேன். மறுநாள் திரும்ப எழுதினேன். உவமை வேண்டாம் என்று சொன்னது நான்தான்.)

6

அந்த அறையை நான் பார்த்ததில்லை. அதுபோன்ற அறைகளைப் பார்த்திருக்கிறேன். சுவரில் மீன்கள் ஒட்டியிருக்கும். சக்கரம் போன கார், மூடி தொலைந்த ஸ்கெட்ச் பேனாக்கள், வயிற்றில் பொத்தானை அழுத்தினாலும் பேசாத கரடி. உட்கார எல்லோருக்கும் குழந்தை நாற்காலிதான். பெரியவர்களுக்கு முழங்கால் நெஞ்சை இடிக்கும். மேற்பார்வை அதிகாரி வாசல் பக்கம் உட்கார்ந்து, பார்க்காததுபோலப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கதவு தானாக மெல்ல மூடிக்கொள்ளும் வகை. அவர் அதைப் பிடித்து இன்னும் மெல்ல மூடினார்.

(மறுபடி அவர். அந்த அறையில் அதிகாரி அவரை அப்படித்தான் சொல்லியிருப்பார்: "உள்ள வாங்க. அவர் வந்திருக்கார் பாரும்மா.")

குழந்தை கரடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவர் வாயையே பார்த்தாள்.

"எத்தனாவது படிக்கறே?"

"மூணாவது."

மற்றபடி அவர் கொண்டுவந்த கேள்விகளெல்லாம் நான்கு வயதுக் குழந்தைக்கானவை.

"உங்க பல்லு இருக்கே" என்றாள் குழந்தை.

"ஆமா."

"முளைச்சுதா?"

"இல்ல. டாக்டர் வச்சாங்க."

"எனக்கு முளைச்சுது." உதட்டை விரலால் தூக்கிக் காட்டினாள். புதிய முன்பற்கள், முகத்துக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியவை. விளிம்பில் ரம்பம் போன்ற மேடுபள்ளம் இன்னும் தேயவில்லை. "உங்களுக்கு ஏன் முளைக்கல?"

"பெரியவங்களுக்கு முளைக்காது."

"ஒரு தடவைதானா?"

"ஒரு தடவைதான்."

அவள் அதை யோசித்தாள். அவருக்காக வருத்தப்பட்டதுபோல இருந்தது.

("முளைச்சுதா" டாக்டர் சொன்னது. அதைச் சொல்லும்போது டாக்டரின் கை என் வாய்க்குள் ஒரு நொடி நின்றது. மற்றதெல்லாம் அந்த ஒரு சொல்லைச் சுற்றி நான் கட்டியது.)

பிறகு கொஞ்சம் சுலபமானது.

"அம்மா சொன்னாங்க, நீங்க லிஃப்ட் ரிப்பேர் பண்ணுவீங்களாம்."

"ஆமா."

"உள்ள மாட்டிக்கிட்டிருக்கீங்களா?"

"நான் மாட்டிக்கறவங்களை வெளிய எடுக்கற ஆளு."

"கதவை உடைச்சா?"

"உடைக்கக் கூடாது. அதுக்குன்னு ஒரு சாவி இருக்கு. மெதுவாத்தான் திறக்கணும்."

"உள்ள இருக்கறவங்க அழுதா?"

"அழுதாலும் மெதுவாத்தான். பேசிக்கிட்டே திறக்கணும்."

வாசல் பக்கம் இருந்தவர் மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தார். குழந்தையும் அதைப் பார்த்தாள். பையைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்தாள். வெட்டிய ஆப்பிள். ஒரு துண்டைத் தின்றாள். புதிய பற்கள் நறுக்கென்று கடிக்கும் சத்தம் அவருக்குக் கேட்டது. இன்னொரு துண்டை எடுத்தாள். அதை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"இந்தா" என்று நீட்டினாள்.

அந்த இடத்தில் டாக்டர் என் வாயிலிருந்து பஞ்சை எடுத்தார்.

"கொப்பளிங்க" என்றார்.

கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தபோது டாக்டர் பக்கத்து அறையில் இருந்தார். யாருக்கோ பல் வலி.

7

டாக்டர் சொன்னது ஆப்பிள்தானா? யோசித்துப் பார்க்கிறேன். "பழம்" என்றுதான் சொன்ன ஞாபகம். ஆப்பிளில் எலுமிச்சம்பழம் தேய்க்கும் விஷயத்தை முன்னால் கேட்டுவிட்டதால் என் காது அதை ஆப்பிளாக்கியிருக்கலாம். வாழைப்பழமாக இருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆகவே ஆப்பிள்.

கேள்வி சின்னது. வாங்கிக் கடித்தால் அடைப்பு விழலாம். அவள் எதை மறக்க வேண்டும் என்று பல் கட்டிக்கொண்டு வந்தாரோ, அது அவள் கண்ணெதிரே மறுபடியும் திறக்கும். வாங்காவிட்டால், நான்கு வருடம் கழித்து அவள் கொடுத்த முதல் பொருளை அவர் வேண்டாம் என்று சொன்னதாகும். பிறகு அதிகாரி அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்பார்.

அவர் திரும்ப வந்து டாக்டரிடம் சொன்னதால்தான் கதை இதுவரை தெரிகிறது. அவர் வந்ததை வைத்து முடிவைக் கண்டுபிடிக்கப் பார்த்தேன். முடியவில்லை. விழுந்திருந்தாலும் வருவார். விழாவிட்டாலும் வரச் சொல்லியிருந்தார்கள்.

எழுதிப் பார்த்த முடிவுகள்:

கடித்தார். நின்றது. (இதை எழுத ஒரு நிமிடம் ஆனது. வாசிக்கிறவருக்கும் அவ்வளவுதான் ஆகும்.)

கடித்தார். விழுந்தது. குழந்தை குனிந்தாள், பொறுக்கினாள், உள்ளங்கையில் வைத்து மறுபடியும், "இந்தா." இதை எழுதியதும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அதனால்தான் எடுத்துவிட்டேன். இதற்காகவே நான்காம் பகுதியில் அவள் கையை நீட்ட வைத்திருக்கிறேன் என்று புரிந்தது. ஒரு குழந்தையின் கையை இப்படிப் பயன்படுத்தக் கூடாது.

"வேணாம் கண்ணு, நீ சாப்பிடு." அவள் கை திரும்பிப் போனது. பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. மீதி நேரம் முழுக்க அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். அழகான பல். இந்த முடிவைப் படிக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

கடைவாயில் வைத்துக் கடித்தார். இது அக்காவின் யோசனையாக இருந்திருக்கும். விவரமான ஆள் அதைத்தான் செய்வார். ஆனால் எட்டு வயதுக் குழந்தை கவனிக்கும்.

"ஏன் ஓரமா வச்சுக் கடிக்கறீங்க?"

"இந்தப் பல்லு இன்னும் சரியா ஒட்டல."

"எப்ப ஒட்டும்?"

"கொஞ்ச நாள் ஆகும்."

"விழுந்துடுமா?"

"விழுந்தாலும் விழும்."

இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஈறு வெளுத்திருந்தபோதும் "இல்ல" என்று சொன்னவர் அவர். அவரால் இதைச் சொல்ல முடிந்திருக்குமா? நான் சொல்ல வைத்தால் அது என் தைரியம், அவருடையது ஆகாது.

8

அடைப்பு உயரமாக இருப்பதுபோலத் தோன்றியதால் மறுபடியும் டாக்டரிடம் போனேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். அக்கா கழுத்தில் துண்டைக் கட்டினார். வாயில் எதுவும் இல்லை. எதை வேண்டுமானாலும் கேட்கலாம்.

"அன்னைக்குக் கதையைப் பாதியில விட்டுட்டேன்ல?" என்றார் டாக்டர், கையுறையை மாட்டிக்கொண்டே.

"இவங்க அதை எழுதிட்டிருப்பாங்க, பாருங்க" என்றார் அக்கா. "முகத்தைப் பார்த்தாலே தெரியுது. எனக்கு அதுல என்ன வேஷம்?"

"நல்ல வேஷம்தான்" என்றேன். "டாக்டரைவிட நீங்கதான் நல்லாப் பேசறீங்க."

"அது எப்பவும் உள்ளதுதான்."

டாக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். சொல்லத் தயாராக இருந்தார். அந்தக் குழந்தை அதிகாரியிடம் என்ன சொன்னாள் என்பதும் அவருக்குத் தெரியும். ஒரு கேள்வி போதும். நேராக உட்கார்ந்து, தெளிவாகக் கேட்கலாம்.

நான் வாயைத் திறந்தேன். கேட்பதற்கு அல்ல.

டாக்டர் ஒரு கணம் பொறுத்தார். பிறகு விளக்கை இழுத்து என் வாய்க்கு நேராக வைத்தார்.

9

மனைவி இந்தக் கதையில் வரமாட்டாள் என்று எழுதியிருந்தேன். அது தவறு.

அந்த டப்பாவைக் கட்டியது அவள். சனிக்கிழமை காலையில் சமையலறையில் நின்று பழத்தை வெட்டினாள். கருக்காமல் இருக்க எலுமிச்சம்பழம் தேய்த்தாள். ஒரு குழந்தை தின்பதைவிட அதிகமாக வைத்தாள். யாருக்கு என்று சொல்லவில்லை. அவனுடைய பல் உடைந்தது அவளுக்குத் தெரியும். அதை அவன் சரிசெய்ததும், அது இன்னும் ஒட்டவில்லை என்பதும் தெரியாது.

கையில் கத்தியோடு நின்றபோது அவள் அவனைப் பற்றி என்ன நினைத்தாள் என்று நான் சொல்லமாட்டேன். உடைந்த பல்லை நினைத்து மெல்லிசாகச் சீவியிருக்கலாம். எதையும் நினைக்காமல் பெரிதாகப் பிளந்து போட்டிருக்கலாம்.

அந்தத் துண்டு எவ்வளவு தடிமன் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. வேண்டுமானால் திரும்பிப் போய்ப் பாருங்கள். 'இன்னொரு துண்டு' என்று மட்டும் இருக்கும். அதை நீங்கள் வெட்டுங்கள். அவளை எனக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு உங்களுக்கும் தெரியும்.

குழந்தை நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. வாசல் பக்கம் இருப்பவர் நிமிர்ந்து பார்க்கிறார். கதவு மூடியிருக்கிறது, சத்தமில்லாமல்.

அப்பா வாயைத் திறக்கிறார்.